பின் பெஞ்சில் உட்கார்ந்த டீச்சர்

இப்போதெல்லாம் யாராவது சிரித்த முகத்தோடு நலம் விசாரித்தால் என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறது. காரியம் இல்லாமல் கரிசனம் காட்டுகிற ஆளை நான் கண்டதில்லை.

என் மகள் இரண்டாம் வகுப்பு டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. "முடியலப்பா, விட்டுடலாம்னு இருக்கு" என்று புலம்ப ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். மூன்றாம் வகுப்பு டீச்சர் இவள் வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பாராம். மறுவாரம் இவள் போய் அவர் வகுப்பில் உட்கார வேண்டுமாம். போதாததற்கு, டீச்சர்கள் ஓய்வெடுக்க ஓர் அறை வேறு.

"உளவு பாக்கறாங்கம்மா. உன்னைக் கழட்டிவிட வழி தேடுறாங்க" என்றேன்.

"அந்த அக்கா அப்படிப்பட்டவங்க இல்லப்பா."

"எல்லா அக்காவும் ஆரம்பத்துல அப்படித்தான். அவங்க வர்றதுக்கு முதல் நாளே பாடத்தைப் பிள்ளைங்களுக்கு உருப்போட வச்சிடு. குறை சொல்ல வாயே திறக்கக் கூடாது."

முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் அப்படியே செய்தாள். வேலை பயம் அப்படி.

அந்த டீச்சர் வந்து உட்காரும் நாளன்று மகள் வெந்நீர் பிளாஸ்க்கை மறந்துவிட்டுப் போய்விட்டாள். அதைக் கொடுக்கிற சாக்கில் நானும் போய் வகுப்பு ஜன்னலோரம் நின்றேன். மூன்றாம் வகுப்பு டீச்சர் குட்டி பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார். கையில் பேனாகூட இல்லை. மனசிலேயே எழுதிக்கொள்கிற ரகம் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் மேஜையில் பாட்டில் மூடிகளைப் பரப்பினாள். "என்கிட்ட பத்து மூடி இருக்கு..."

"ஏழு!" என்று வகுப்பே அலறியது. அவள் இன்னும் ஒரு மூடியைக்கூட எடுக்கவில்லை.

முன் வரிசைச் சிறுமி எழுந்து, "டீச்சர், அடுத்ததுக்கு நாலுதானே? நேத்து அப்படித்தான சொன்னீங்க?" என்றாள்.

மகளுக்கு முகம் வெளுத்துப்போனது. வேலை போயிற்று என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். பின் பெஞ்சுக்காரரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நானும் இதே மாதிரி மாட்டியிருக்கேன். என் பிள்ளைங்க கேள்வியையும் சேர்த்து ஒப்பிச்சுட்டாங்க! அதை விடு. உனக்கு எது வரலையோ அதைச் சொல்லு."

மகள் தயங்கினாள். "கத்தாம இவங்களை அடக்கத் தெரியலக்கா."

அவர் முன்னால் வந்து ஒரு மூடியை எடுத்து மேஜையில் மெல்லத் தட்டினார். நிறுத்தினார். மறுபடி, இன்னும் மெல்லத் தட்டினார். சத்தம் காதில் விழ வேண்டுமே என்று பிள்ளைகள் அடங்கின. மகளும் செய்து பார்த்தாள். கடைசி வரிசையில் இரண்டு வால்கள் அடங்கவில்லை. மற்றதெல்லாம் அடங்கிற்று.

மணி அடித்ததும் வெளியே வந்து பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள்.

"வேலையை விடலப்பா. அடுத்த வாரம் அக்கா வகுப்புல நான் உட்காரணும்."

"நீ சொதப்பினதை அவ மேலே போய்ச் சொல்ல மாட்டாளா?"

"வகுப்புல பாத்தது வகுப்போட சரி. அதான்பா ஏற்பாடு."

"யாரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா?"

"அய்யோ, கிளம்புங்கப்பா!"

வாசல் பக்கம் வந்தால் தலைமை ஆசிரியை. "வெயிலா இருக்கு ஐயா, டீச்சருங்க அறையில கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போங்க" என்றார், சிரித்த முகத்தோடு. எட்டிப் பார்த்தேன். நாற்காலிக்கெல்லாம் மெத்தை போட்டிருந்தது.

"வேலை இருக்கும்மா" என்றேன். எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் மெத்தை போட்டு வேலை வாங்குகிற இடத்தை நான் எப்படி நம்புவது? நடையைக் கட்டினேன்.