ஒரு குறையும் இல்லாத பாப்பா

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அக்கா அன்று போர்வை மடித்த வேகத்தைப் பார்த்து, பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். அங்கே அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் முகம் சரியில்லாத நாளில் அப்படிக் கூப்பிடவும் யோசிப்பார்கள். அன்றைக்குக் காரணம், காலையில் தபாலில் வந்த பதில். மகள் தாயைச் சார்ந்து வாழவில்லை, ஆகவே இந்த நாட்டில் அவளுக்குக் குடியிருப்பு உரிமை தர இயலாது என்று மேலிடத்தில் எழுதிவிட்டார்கள்.

பெற்ற பிள்ளை தாயைச் சாராமல் வேறு யாரைச் சாரும் என்று அக்கா இஸ்திரி இயந்திரத்தைக் கேட்டாள். அது பதிலுக்குப் புஸ்ஸென்று ஆவி விட்டது.

புருஷன் போன பிறகு, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு இங்கே வந்தவள் அவள். குடியுரிமை வாங்கும்போது பிள்ளைக்குப் பதினெட்டு முடியாமல் இருந்தால் பிள்ளைக்கும் சேர்த்தே கிடைத்துவிடும். அக்காவின் மனு அலுவலகத்துக்கு அலுவலகம் உருண்டு, கடைசியில் அவள் கையை உயர்த்தி உறுதிமொழி சொன்னபோது மகளுக்குப் பதினெட்டு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அதற்குப் பிறகு ஒரே ஒரு வழிதான் இருந்தது: கல்யாணமாகாத, தாயை நம்பியே வாழ்கிற பிள்ளை என்று நிரூபிக்க வேண்டும். அதிகாரிகள் அவளை 'வயதுவந்த மகள்' என்று எழுதினார்கள். அக்காவுக்கு அவள் இன்னும் பாப்பாதான். பாப்பாவுக்கு இப்போது இருபத்தாறு.

மேல்முறையீட்டுக்கு அமர்த்திய வக்கீலம்மா நம் மொழி பேசுகிறவள். பொறுமை மட்டும் அவளிடம் கொஞ்சம் குறைவு. அம்மாவும் மகளும் இத்தனை வருஷம் அனுப்பிக்கொண்ட செய்திகளை எல்லாம் அச்செடுத்துக் கொண்டுவரச் சொன்னாள். அக்கா ஒரு பை நிறையக் கொண்டுபோனாள். இவ்வளவு பாசத்தைப் பார்த்தால் கல்லும் கரையும் என்பது அவள் கணக்கு. வக்கீலம்மா புரட்டினாள், இன்னும் புரட்டினாள், பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இதுல ஒரு இடத்துலயாவது உங்க பொண்ணு உங்ககிட்ட எதையாவது கேட்டிருக்காளா?"

"எதுக்குக் கேக்கணும்? அப்படி வளக்கல நான்."

"அதாங்க பிரச்சினையே."

எல்லாம் நல்லா இருக்கு. நானே பாத்துக்கிட்டேன். நீ கவலைப்படாதே. ஒரு குறையும் இல்ல. பக்கத்துக்குப் பக்கம் இதுதான். அந்தக் குடும்பத்தில் கெட்ட செய்தியைப் போனில் சொல்லும் வழக்கமே கிடையாது. காய்ச்சல் வந்தால், விட்ட பிறகுதான் சொல்வார்கள். அக்காவே முழங்கையில் ஆவி பட்டுக் கொப்பளித்தபோது, ஆறும்வரை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வீடியோவில் பேசினாள். தூரத்தில் இருப்பவளை எதற்கு அழவைப்பது என்பது அவள் நியாயம். அந்த நியாயத்தை மகள் அம்மாவைவிட நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தாள். முதல் விசாரணையில் அதிகாரி கேட்டதற்கு, நான் யாருக்கும் பாரமாக இருக்கமாட்டேன், என் கால்களிலேயே நிற்கிறேன் என்று கணீரென்று சொல்லியிருந்தாள். பாரமில்லாத பிள்ளையைத்தான் உள்ளே விடுவார்கள் என்று நம்பி, அப்படிச் சொல்லச் சொல்லி வாரக்கணக்காகப் பழக்கியதும் அக்காவேதான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தாய்த்தவளை பாடம் நடத்திக் கெடுத்திருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வழக்கம்போல மகளைப் போனில் பிடித்தாள். இங்கே மதியம் என்றால் அங்கே நடுச்சாமம். வழக்கம்போலவே மகளின் அறையில் குழல்விளக்கு பளிச்சென்று எரிந்தது. சித்தி குடும்பம் வேறு ஊருக்கு மாறிப்போன பிறகு மகள் தனியாக எடுத்துக்கொண்ட ஒற்றை அறை அது. எத்தனை தடவை சொன்னாலும் அந்த விளக்கை அணைக்கிற வழியைக் காணோம். கேட்டால் ஆபீஸ் வேலை இருக்கிறது என்பாள்.

"ஊரெல்லாம் தூங்குது, உனக்கு மட்டும் விடிஞ்சிருக்கு. கண்ணு கெட்டுப்போகும்டி, அணைச்சுத் தொலை" என்று முதலில் அந்தக் கடமையை முடித்தாள் அக்கா. பிறகு விஷயத்துக்கு வந்தாள். அம்மா இல்லாமல் முடியவில்லை என்று விசாரணையில் சொல்ல வேண்டும், கொஞ்சம் கண் கலங்கினாலும் தப்பில்லை என்றாள்.

மகள் முகத்தைச் சுளித்தாள். "அன்னைக்கு கெத்தா பேசுன்னு சொன்ன. இன்னைக்கு அழுங்கிற. என்னால நடிக்க முடியாதும்மா. கேட்டதுக்கு உள்ளதச் சொல்லுவேன்."

பிடிவாதத்துக்கு அவள் எங்கேயும் கடன் வாங்க வேண்டியதில்லை, சொந்தச் சொத்து. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு சோறு இறங்காமல் டப்பாவை மூடினாள்.

மேல்முறையீட்டு விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் அக்காவும் வக்கீலம்மாவும், ஓரத்தில் மொழிபெயர்ப்பாளர், சுவரில் திரை. திரையில் மகள், அவள் தலைக்குப் பின்னால் அதே குழல்விளக்கு. வேலை இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். இருக்கிறது என்றாள். வாடகை யார் கட்டுகிறார்கள்? நான்தான். உடம்புக்கு வந்தால்? நானே டாக்டரிடம் போவேன். போச்சு, மொத்தமும் போச்சு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இங்கே பூசாரி நீட்டினால்கூட வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும் பெண்ணைப் பெற்று வைத்திருக்கிறாளே.

அதிகாரி காகிதங்களை அடுக்கினார். முடிக்கப்போகும் குரலில், உங்கள் ஊரில் இது நடுச்சாமம், தூக்கத்தைக் கெடுத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றார். அது வெறும் மரியாதைக்குச் சொன்னது. மகள் அதற்கும் உள்ளதைச் சொன்னாள்.

"தூக்கத்தக் கெடுக்கலைங்க. நான் இந்நேரம் தூங்கமாட்டேன். சித்தி வீட்ட விட்டு வந்ததுலேருந்து எனக்குத் தனியாப் படுக்க பயம். லைட்ட அணைச்சா மூச்சு முட்டும். அம்மா சாப்பாட்டு நேரத்துல கூப்பிட்டு லைட்ட அணைன்னு திட்டுவாங்க. அந்தத் திட்டு வாங்கினதுக்கப்புறம்தான் கண்ணு சொக்கும். அவங்களுக்கு லீவு நாள்ல போன் வராது, அன்னைக்கு விடியறவரைக்கும் உக்காந்திருப்பேன்."

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் வாயைத் திறக்கும்வரை அது அதிகாரிக்கு எட்டவில்லை. பிறகு அவர் ஒன்றுவிடாமல் அடுத்த மொழியில் சொன்னார். அக்கா அதை இரண்டாம் தடவையும் கேட்க வேண்டியிருந்தது.

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார்.

"சொன்னா அழுவாங்க," என்றாள் மகள். "அவங்க அழுதா யாரு இருக்கா அங்க?"

அதிகாரி அடுக்கிய காகிதங்களை மறுபடி பிரித்து வெகுநேரம் எழுதினார். வெளியே வந்ததும் வக்கீலம்மா முதல் தடவையாகச் சிரித்தாள். கேஸ் நிற்கும், எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்றாள். இதை முன்னாடியே சொல்லித்தொலைத்திருந்தால் இத்தனை அலைச்சல் ஏது என்று அலுத்தும்கொண்டாள். அக்காவுக்குச் சந்தோஷப்பட வரவில்லை. தன் கன்னத்திலும் மகள் கன்னத்திலும் மாறிமாறி அறையலாம் போல ஆத்திரம் வந்தது. விடுமுறை நாளாவது பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டும் என்றல்லவா அவள் அன்றைக்கு மட்டும் கூப்பிடாமல் இருந்தாள்!

நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் மகள்.

"கெடுத்துட்டனாம்மா?"

"வாய மூடு," என்றாள் அக்கா. நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "படு. மணி என்னாச்சு பாரு," என்றாள்.

மகள் தலையணையில் சாய்ந்தாள். போனை எங்கோ சாய்த்து வைத்திருந்ததில் முகம் பாதியும் விளக்கு பாதியுமாகத் தெரிந்தது. பழக்கதோஷத்தில், அணைச்சுத் தொலை என்பது அக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"லைட்டு எரியட்டும்," என்றாள். "நான் போன வைக்கமாட்டேன். நீ தூங்கு."

"திட்டும்மா," என்றாள் மகள், கண்ணை மூடிக்கொண்டு.

அக்கா திட்டத் தொடங்கினாள். வக்கீலம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.