எவாந்தியாவின் தட்டு

கிரேக்க நாட்டில், எங்கள் வோலோஸ் ஊரில் ஒரு வீட்டுத் தட்டு இன்னொரு வீட்டுக்குப் போனால் காலியாகத் திரும்பக் கூடாது. ஒரு எலுமிச்சம்பழமாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். எதிர்வீட்டு எவாந்தியாவின் நீலக்கரைத் தட்டு மட்டும் இருபத்தொரு வருடம் என் அலமாரியிலேயே கிடந்தது. அவள் என் உயிர்த்தோழி. அதனால்தான் அதை நிரப்பக் கை வரவில்லை. என்னைத் திட்டுவதானால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

1972 வசந்தத்தில் என் மகள் மிர்சினிக்கு ஏழு வயது. ஒரு நாள் காலையில் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்போடு எழுந்தாள். ருபெல்லா அம்மைதான் என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. அந்தக் காலத்தில் பெண்பிள்ளை பெற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. சின்ன வயதில் வந்து போய்விட்டால் உடம்பு அதை மறக்காது. பின்னால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அந்தக் கிருமி நெருங்க முடியாது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் முதன்முறையாக வந்தாலோ, பிள்ளைக்குக் கண் போகும், காது போகும், இதயமும் பழுதாகும். ஆகவே தொற்றிக்கொள்ளட்டும் என்றே ஐந்து தாய்மார்கள் ஐந்து பெண்களையும் ஐந்து தட்டுப் பலகாரத்தையும் கொண்டுவந்து என் வீட்டில் இறக்கினார்கள். நீலக்கரைத் தட்டில் ரவைக் கேக்கோடு வந்த எவாந்தியா தன் மகள் பொலிக்சேனியை மிர்சினியின் கட்டிலிலேயே படுக்கவைத்து, ஒரே கரண்டியால் இருவருக்கும் தேன் ஊட்டினாள். நான் மகாராணி மாதிரி எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள்தான் டாக்டர் வந்தார். மிர்சினியின் நாக்கைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் கிடந்த காலிக் கூடையையும் பார்த்தார்.

"அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு கூடை ஸ்ட்ராபெரிய ஒரே மூச்சுல தின்னுருக்கா உங்க பொண்ணு," என்றார்.

அதற்குள் பலகாரமெல்லாம் எங்கள் வயிற்றுக்குள் போயிருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். இரண்டு வாரத்தில் பொலிக்சேனிக்கு வெயிலில் கன்னம் சிவந்தது. "ஸ்தமாதியா, என் பொண்ணுக்கு வந்துடுச்சுடி!" என்று எவாந்தியா தெருவில் ஆடாத குறைதான். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? வெட்கம்தான், வேறென்ன.

1993 ஏப்ரலில் எங்கள் ஊரில் நிஜமாகவே ருபெல்லா வந்தது. பொலிக்சேனி அப்போது பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு டீச்சர். பத்து வாரக் கர்ப்பம். எவாந்தியாவும் நானும் அவள் சமையலறையில் உட்கார்ந்து திராட்சை இலையில் சோறு மடித்துக்கொண்டிருந்தோம்.

"பொலிக்சேனிய கொஞ்ச நாள் வீட்டுல இருக்கச் சொல்லேன்டி," என்றேன்.

"அவளுக்கென்ன? உன் வீட்டுக் கட்டில்ல படுத்து வாங்கிட்டு வந்தவளாச்சே! டாக்டர் ரத்தம் எடுக்கணும்னாராம். ஊசியப் பாத்தா மயக்கம் போடுற கழுதை. 'எனக்கு வந்து போயிடுச்சு, எங்கம்மாவே சாட்சி'ன்னுட்டு வந்துட்டா. அவ வகுப்புல மட்டும் ரெண்டு பிள்ளைங்களுக்கு அம்மையாம்."

கையிலிருந்த இலையைக் கீழே வைத்தேன்.

"எவாந்தியா, மிர்சினிக்கு வந்தது அம்மை இல்லடி. ஸ்ட்ராபெரி ஒத்துக்கல. மறுநாளே டாக்டர் சொல்லிட்டாரு."

முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஊசி போட்டுருந்தா முடிஞ்சுருக்குமேடி! என் ரவைக் கேக்கத் தின்னுட்டு, இத்தன வருஷமா வாயக் கட்டிக்கிட்டு இருந்தியே, பாவி!"

இடுப்பில் கட்டிய ஏப்ரனோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

இரண்டு நாள் கழித்துப் பொலிக்சேனி என் ஜன்னலருகே வந்து நின்றாள்.

"சித்தி, என் ரத்தத்துல அம்மைக்கு எதிர்ப்பு சக்தியே இல்லையாம். ஆனா கிருமியும் இன்னும் தெரியலையாம். மூணு வாரம் கழிச்சு திரும்பப் பாக்கணுமாம். இப்ப தடுப்பூசியும் போடக் கூடாதாம். அம்மா இனிமே என்னை வீட்டுலயே பூட்டி வெக்கப் போறாளாம்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. சித்தி என்று கூப்பிட்டதுதான் சுட்டது. அந்த மூன்று வாரத்துக்குள் மற்ற நான்கு வீட்டுக் கதவையும் தட்டி உண்மையைச் சொன்னேன். ஒருத்தி ஏசினாள், ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி ஏதென்ஸில் இருக்கும் மகளுக்கு என் கண்முன்னாலேயே போன் போட்டாள். நான்காமவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டாவது பரிசோதனையிலும் கிருமி இல்லை. எனக்கு உயிர் வந்தது. எவாந்தியாவுக்கு வரவில்லை. "வெறும் வாய்ப்பேச்ச நம்பி ஒரு தடவ ஏமாந்தாச்சு, இப்ப காகிதத்த நம்பச் சொல்றியா? பொறக்கட்டும், நானே பாத்துக்கறேன்" என்றாளாம். என்னோடு பேச்சு இல்லை. துணி உலர்த்தும்போதுகூட எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பாள். அந்த முதுகைப் பார்த்துப் பார்த்தே ஏழு மாதம் ஓடியது.

நவம்பரில் பையன் பிறந்தான். எனக்கு யாரும் சொல்லவில்லை, ரொட்டிக் கடையில்தான் தெரிந்துகொண்டேன். அவர்கள் வீடு திரும்பிய அன்று, அந்தக் குளிரிலும் எதிர்வீட்டு ஜன்னல் அகலத் திறந்தது. அடுத்த நொடி, பெரிய பானை மூடி ஒன்று தரையில் விழுந்த சத்தம் தெருவையே உலுக்கியது.

குழந்தை வீறிட்டு அழுதது.

மூடி மறுபடி விழுந்தது. குழந்தை மறுபடி வீறிட்டது.

"அம்மா! உனக்கென்ன பைத்தியமா?" பொலிக்சேனி கத்தினாள்.

எவாந்தியா ஜன்னலில் தலையை நீட்டினாள். முகமெல்லாம் கண்ணீர்.

"ஸ்தமாதியா! அவனுக்குக் காது கேக்குதுடி!"

நான் என் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையை ஆட்டினேன்.

"மரம் மாதிரி நிக்காத. என் தட்டு உன்கிட்டதான இருக்கு? எடுத்துட்டு வா. காலியா கொண்டுவந்தா கதவத் திறக்க மாட்டேன்." ஜன்னலைச் சாத்தப் போனவள் நின்றாள். "ஸ்ட்ராபெரி மட்டும் வெச்சுடாத!"

நவம்பரில் ஸ்ட்ராபெரிக்கு நான் எங்கே போவேன்? அழுகையும் சிரிப்புமாக அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ரவை டப்பாவைத் திறந்தேன்.