நாற்பத்தாறு வயதுப் பையன்

நாற்பத்தாறு வயது. நரைத்த மீசை. கல்யாண வயதில் மகள். அந்த மனிதரைப் பனியன் கம்பெனியில் எல்லோரும் பையன் என்றுதான் கூப்பிட்டார்கள். என் வயிறு எரியுமா எரியாதா? முதலாளி மகனுக்குப் பத்தொன்பது வயது. மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவன் சின்ன முதலாளி. இருபது வருஷமாக நிட்டிங் மிசினோடு மல்லுக்கட்டும் என் வீட்டுக்காரர் மட்டும் பையனாம். என்ன நியாயம் இது?

அவருக்கானால் ரோஷமே கிடையாது. வாயில் வந்தபடி கூப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்பார்.

அறுபத்தாறாம் வருஷம் அந்தப் பையன் பட்டம் எங்கள் மகள் சாரதாமணியின் கல்யாணத்தில் வந்து நின்றது. பெண்ணின் அப்பா வேலை செய்யும் இடத்துக்குச் சொல்லாமல் போய் நாலு பேரிடம் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளையின் அப்பா பேர் சென்னிமலை. குன்னத்தூரிலிருந்து அப்படித்தான் வந்திருக்கிறார். மத்தியானம் சோற்றுப்போசியோடு நான் போகும்போது கம்பெனி கேட்டைத் தாண்டி வெளியே வந்துகொண்டிருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. வாட்ச்மேனிடம் என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கேட்டாராம். அப்படி யாரும் இங்கே இல்லை என்று அவன் கையை விரித்துவிட்டானாம்.

"பொய் சொல்ற ஊட்டுல பொண்ணெடுக்க மாட்டோமுங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. விடுவிடுவென்று அவரை முதலாளி அறைக்கே கூட்டிப்போனேன். விஷயத்தைக் கேட்டு முதலாளி சிரித்தார். நம்ம பையனைத்தான் கேட்கிறார்களா என்று சொல்லி ஆள் அனுப்பினார். தலையெல்லாம் பஞ்சோடு இவர் வந்து கதவோரம் கையைக் கட்டி நின்றார்.

நாற்காலியில் இருந்த சின்ன முதலாளியின் பக்கம் திரும்பினேன். "டேய் பையா, எங்கூட்டுக்காரரு பேரு தெரியுமான்னு உங்கப்பனைக் கேளு."

முதலாளி எழுந்துவிட்டார். "யாரைப் பையன்ங்கறே?"

"பத்தொம்பது வயசுக்கே உங்களுக்குப் பொறுக்கலீங்க. நாப்பத்தாறு வயசுக்கு நாங்க எப்படீங்க பொறுக்கறது?"

பிறகு முதலாளி, அவன் பேர்தான் என்ன என்று என்னையே கேட்டார். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். ரேஷன் கடையில்கூட மகளை விட்டுத்தான் சொல்ல வைப்பேன். இவர் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். தலை நிமிரவே இல்லை.

"ஆறுமுகசாமி" என்றேன். மிசின் சத்தத்தையும் மீறிக் கேட்கட்டும் என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

சென்னிமலை இவர் பக்கத்தில் போய் நின்றார். "ஏனுங்க ஆறுமுகசாமி, வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வரட்டுங்களா?"

அதற்கும் இவர் முதலாளியின் முகத்தைத்தான் பார்த்தார். வரச் சொன்னது நான்தான்.