பின்வரிசையில் ஒரு தளர்வு

வடலியூர் மத்திய கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் சிட்னிக் கிளை வென்றால் விருந்து வைக்கும், தோற்றால் கூட்டம் வைக்கும். கிளை தொடங்கிய நாளிலிருந்து விருந்துகளை விடக் கூட்டங்களே அதிகம். இந்த வருடம் கல்லூரிகளுக்கு இடையிலான உதைபந்தாட்டத்தில் இறுதியாட்டம் வரை போய்த் தோற்றுவிட்டதால் கூட்டமும் அதற்கேற்ற தரத்தில் இருக்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். செவன் ஹில்ஸில் ஒரு மண்டபம் எடுத்தார்கள். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தார்கள். நிகழ்ச்சி நிரலில் ‘இறுதியாட்டத் தோல்வி பற்றிய தொழில்நுட்ப மீளாய்வு’ என்று போட்டார்கள். தொழில்நுட்பம் என்றது செயலாளர் அருந்தவன் வீட்டிலிருந்து தூக்கிவந்த புரொஜெக்டரை.

மூன்றாம் வரிசைக் கரைக் கதிரையில் கோச் யோகேஸ்வரன் இருந்தார். பக்கத்தில் அவருடைய மகன் சுபாங்கன், வலது காலை நடைபாதையில் நீட்டி வைத்துக்கொண்டிருந்தான். தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை இரும்புப் பட்டி போட்ட கறுப்புக் கட்டு. தேத்தண்ணி எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் அந்தக் காலைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. தாண்டும்போது ஒவ்வொருவரும் “சுகமோ தம்பி?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ரோல்ஸ் தட்டைப் போய்ச் சேர்ந்தார்கள்.

யோகேஸ்வரன் அன்று ஒரே ஒரு கேள்விக்காக வந்திருந்தார். அந்தக் கேள்வியை யாராவது கேட்கவேண்டும், மகனை வைத்துக்கொண்டு தான் அதற்குப் பதில் சொல்லவேண்டும். வீட்டில் அது நடக்கவில்லை. முழங்காலுக்குள் தசைநார் அறுந்துவிட்டது, ஒப்பரேஷன் செய்தால் நடக்கலாம், மெதுவாக ஓடலாம், பந்தை மறந்துவிடு என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து சுபாங்கன் அப்பாவிடம் எதையும் கேட்கவில்லை. சாப்பிட்டியா என்றால் ஓகே. நோகுதா என்றால் ஓகே. கோபத்தில் கதவை அடித்துச் சாத்துகிற பிள்ளை என்றால் யோகேஸ்வரன் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சியிருப்பார். இவன் கதவைத் திறந்தே வைத்திருந்தான்.

கேட்கப்படவேண்டிய கேள்வி இதுதான்: அந்த நேரம் கோச் எங்கே நின்றவர்?

நடந்தது பெரிய இரகசியமல்ல. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க நடந்தது. இரண்டாம் பாதி, வடலியூர் ஒரு கோலால் முன்னுக்கு. பின்வரிசையின் நடுவில் சுபாங்கன். பரிசு கொடுக்க மெல்பேர்னிலிருந்து அழைக்கப்பட்ட பிரதம விருந்தினர், பல் வைத்தியர் கதிர்காமநாதன், அப்போதுதான் வந்து இறங்கினார். வரும்போதே போகிற அவசரம். மெல்பேர்னில் கேரம் டவுன்ஸ் கோயிலில் பின்னேரம் அவருக்கு ஒரு கூட்டம், பிளேனைப் பிடிக்கவேண்டும். ஆட்டம் முடியும்வரை நிற்கமாட்டார். ஆட்டத்தை நிறுத்த முடியாது, விருந்தினரையும் நிறுத்த முடியாது. எனவே சங்கம் நடுவழி ஒன்றைக் கண்டது: ஆட்டம் ஆட்டமாகப் போகட்டும், கோச்சின் பத்தாண்டுச் சேவைக்கான பொன்னாடையை இப்போதே கூடாரத்துக்குள் வைத்துப் போர்த்திவிடலாம்.

தலைவர் வாசுதேவன் தானே கோட்டுக்கரைக்கு வந்து கூப்பிட்டார். “அண்ணை, ஒருக்கா ரென்ருக்குள்ள வாங்கோ. ரெண்டு நிமிச வேலை.”

“மச் நடக்குதெல்லே,” என்றார் யோகேஸ்வரன்.

ஒரு தரம்தான் சொன்னார். அதற்குப் பிறகு வந்த எல்லா இரவுகளிலும் அவர் அதை இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு ஒரு தரம் சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றி, தலைமயிரைக் கையால் படியவைத்துக்கொண்டு நடந்தார். உதவிக் கோச் சுவாம்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போனார்கள். தாம்பாளம் பிடிக்க வரவேண்டிய பிள்ளை குளிருக்குக் காருக்குள் போய் இருந்துவிட்டது. மாற்று ஆட்டக்காரனை இறக்குவதென்றால் இருவரில் ஒருவர் நடுக்கோட்டில் நின்று கை காட்டவேண்டும் என்பது அந்தப் போட்டியின் விதி. நடுக்கோட்டில் ஒரு தண்ணீர்ப் போத்தல் மட்டும் நின்றது.

வாசுதேவன் கோச்சைப் பற்றிப் பேசினார். பிறகு விருந்தினரைப் பற்றிப் பேசினார். பிறகு சங்கத்தைப் பற்றி, அதாவது தன்னைப் பற்றி, விரிவாகப் பேசினார். பொன்னாடை தோளில் விழுந்தபோது யோகேஸ்வரனின் முதுகுக்குப் பின்னால் மைதானத்தில் பெரிய கூச்சல் எழுந்தது. அது தனக்கு என்று ஒரு கணம் நினைத்தார்.

அது எதிர்த் தரப்பின் முதல் கோல். அவர் சால்வையும் தோளுமாக ஓடிவந்து சேர்வதற்குள் இரண்டாவதும் விழுந்திருந்தது. சுபாங்கன் புல்லில் கிடந்தான்.

மண்டபத்தில் மீளாய்வு சூடு பிடித்தது. முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, நாலு–நாலு–இரண்டு என்று ஆட்களை நிறுத்தியதுதான் பிழை, நாலு–மூன்று–மூன்று என்று நிறுத்தியிருக்கவேண்டும் என்றார். கல்லூரியில் அவர் சதுரங்க அணித் தலைவர். இன்னொருவர், தங்கள் காலத்தில் வெறுங்காலோடு விளையாடியதாகவும் சப்பாத்து வந்த பிறகே கல்லூரிக்கு இந்தக் கதி என்றும் சொன்னார். இடைவேளைக்கு மட்டன் ரோல்ஸ் கொடுத்ததால் பெடியள் மந்தமாகிவிட்டார்கள் என்று ஒருவர் கையில் மட்டன் ரோல்ஸோடு முறையிட்டார்.

“ஒரு கோல் லீடில நிக்கேக்க எல்லாரையும் பின்னுக்கு இழுத்தது ஆற்ற முடிவு?” என்று அருந்தவன் மைக்கில் கேட்டார்.

“என்ர முடிவு,” என்றார் யோகேஸ்வரன். “ஆனா அதுக்குப் பிறகு—”

“பிறகு வருவம் அண்ணை. ஒண்டொண்டாப் போவம்.”

“பின்னுக்கு இழுத்தது சரிதான்,” என்றார் சதுரங்கக்காரர். “ஆனா பின்னுக்கு நிண்டவை ஓடவேணுமே. கடைசி நேரம் நடுவில நிண்டவர் நடந்தெல்லோ திரிஞ்சவர். ரெண்டு கோலும் அவருக்குப் பக்கத்தாலதான் போனது.” சொல்லி முடித்த பிறகுதான் நடைபாதையில் நீண்டிருந்த கால் கண்ணில் பட்டது. “தம்பியைக் குறை சொல்லேல்லை. பொதுவாச் சொன்னனான்.”

சுபாங்கன் கட்டின் பட்டி ஒன்றைத் தளர்த்தி மறுபடி இறுக்கினான்.

வாசுதேவன், கணக்காளர் ஆகையால், எந்த நட்டத்தையும் நல்ல வார்த்தையில் எழுதத் தெரிந்தவர். “பின்வரிசையில் ஒரு தளர்வு ஏற்பட்டது,” என்று கூட்டக் குறிப்புக்காக நிதானமாகச் சொன்னார். “அப்பிடிப் போடுங்கோ அருந்தவன். ஒருத்தற்ற பேரும் வேண்டாம்.”

பேர் வேண்டாம் என்ற அந்தப் பெருந்தன்மையில் முழு மண்டபமும் திரும்பிச் சுபாங்கனைப் பார்த்தது.

யோகேஸ்வரன் பேச வாயெடுத்த நேரம் விளக்கை அணைத்தார்கள். அன்றைய நாளின் படங்களை அருந்தவன் திரையில் ஓட்டினார். கொடியேற்றம். மங்கள விளக்கு. வாசுதேவன் விளக்கேற்றுதல். வாசுதேவன் இன்னொரு கோணத்தில் விளக்கேற்றுதல். பிறகு பொன்னாடை.

“நல்லா வந்திருக்கு,” என்று யாரோ சொன்னார்கள். “ஆண்டு மலருக்கு அட்டைப்படமாப் போடலாம்.”

நல்ல படம்தான். கதிர்காமநாதன் பல் வைத்தியருக்குரிய பற்களோடு நின்றார். நடுவில் யோகேஸ்வரன். தன் முகத்தை அவரால் நம்ப முடியவில்லை. கலியாணப் படத்திலும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. அவர் பஸ் ஓட்டுகிறவர், நாள் முழுதும் ஏறுகிறவர் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பவர். அவரை நிறுத்திவைத்துப் பார்த்தவர்கள் குறைவு. அவருடைய தோளுக்கும் ரென்ரின் கம்பத்துக்கும் இடையில் ஒரு துண்டு மைதானம் தெரிந்தது. அந்தத் துண்டில், கலங்கலாக, பின்வரிசையின் நடுவில், வடலியூரின் ஊதா நிறச் சேட்டுப் போட்ட ஒருவன். ஒரு காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, ஒரு கையை மேலே தூக்கிக்கொண்டு.

எழும்பினார். “லைற்றைப் போடுங்கோ.”

“இன்னும் படம் கிடக்கு அண்ணை.”

“போடுங்கோ. இவன் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். முழங்கால் பிரண்டு, வெளியில வாறன் எண்டு கை காட்டியிருக்கிறான். நான் நிக்கேல்லை. ரென்ருக்குள்ள உந்தச் சால்வைக்கு நிண்டனான். ஆளை மாத்தியிருந்தா கோலும் விழுந்திராது, காலும் போயிருக்காது. தளர்வு பின்வரிசையில இல்லை. எழுதுறதெண்டா அதை எழுதுங்கோ.”

யாரோ விளக்கைப் போட்டார்கள். பின்னாலிருந்து சுவாம்பிள்ளை எழும்பி, “நானும் தட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்,” என்றார்.

“தட்டு விசயம் நிகழ்ச்சி நிரலில இல்லை,” என்றார் அருந்தவன்.

வாசுதேவன் எழுந்து மைக்கை வாங்கினார். அவர் குரல் தழுதழுத்தது. வருடத்துக்கு இரண்டு தரம் அது தழுதழுக்கும். “பாத்தியளோ. தோல்வியை முழுக்கத் தன்ர தலையில தூக்கி வைக்கிறார். இதுதான் எங்கட கல்லூரி எங்களுக்குப் படிப்பிச்ச பண்பு. அடுத்த வருசமும் இவரே எங்கட கோச். ஆமோதிக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ.”

எல்லாக் கைகளும் எழுந்தன. கைதட்டல் நெடுநேரம் கேட்டது. யோகேஸ்வரன் எழுந்து நின்றவர் நின்றபடியே இருந்தார். அந்த மண்டபத்தில் ஒருவருடைய குற்றத்தைக்கூட அவரிடமே விட்டுவைக்க மாட்டார்கள். பிடுங்கி, துடைத்து, கௌரவமாக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

காரில் பென்டில் ஹில் வீட்டுக்குப் போகிற வழியில் அவர்தான் பேச்சை எடுத்தார். சுபாங்கன் பின்சீற்றில் காலை நீட்டிக் குறுக்கே இருந்தான். கண்ணாடியில் அவனுடைய அரை முகம்தான் தெரிந்தது.

“படத்தில கண்டனான். நீ கையைத் தூக்கினதை.”

“ம்.”

“எனக்குத் தெரியாதடா. சத்தியமா எனக்குக் கேக்கேல்லை.”

“நான் சத்தம் போடேல்லை அப்பா.”

சிவப்பு விளக்கில் கார் நின்றது.

“முதல் ரெண்டு தரம் கையைத் தூக்கினன். உங்களைக் காணேல்லை. பிறகு பாத்தா, ரென்ருக்குள்ள நிக்கிறியள். போட்டோ எடுக்கினம்.” அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். “யூ லுக்ட் ஸோ ஹப்பி. உங்களை அப்பிடி நான் பாத்ததே இல்லை. அது முடியட்டும் எண்டு விட்டிட்டன்.”

“கூப்பிட்டிருக்கலாமேடா. ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடி வந்திருப்பனே.”

“தெரியும். அதுதான் கூப்பிடேல்லை.”

விளக்கு பச்சையானது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். தினமும் நூறு சந்திகளில் பஸ்ஸை எடுக்கிறவருக்குக் காரை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நான் உந்தக் கோச் வேலையை விடுறன்,” என்றார். “இப்பவே மெசேஜ் போடுறன்.”

“எனக்காக விடாதேங்கோ, ப்ளீஸ். அதையும் நான் சுமக்கேலாது.” கொஞ்சம் பொறுத்து, “செய்யிறதெண்டா செய்யுங்கோ. என்னட்டச் சொல்லாதேங்கோ. இனி என்னட்ட ஃபுட்போல் கதைக்காதேங்கோ. அவ்வளவுதான்,” என்றான்.

சுபாங்கனின் ஐந்து வயதிலிருந்து அப்பாவும் மகனும் வேறு எதையும் கதைத்ததில்லை. படிப்பு, வேலை, ஒரு பெட்டையின் பிரிவு எல்லாமே அரைவாசிப் பேச்சாக, ஓர் ஆட்டத்தின் இடைவேளையில்தான் அவர்களுக்குள் நடந்து முடிந்தன. இனி எதைக் கொண்டு தொடங்குவது என்று யோகேஸ்வரனுக்குத் தெரியவில்லை. வீட்டு வாசல் வரை யோசித்தார்.

காரிலிருந்து இறங்க அவர் கை கொடுக்கப் போனார். “நானே இறங்குவன்,” என்று சுபாங்கன் இரண்டு கையாலும் தன் காலைத் தூக்கி வெளியே வைத்தான், கடையில் வாங்கிய சாமானை வைப்பதுபோல.

மனைவி நாகேஸ்வரி குசினிக்குள் நின்றாள். விளையாட்டென்றால் அடிபடும், அன்றைக்கு இவனுக்குப் பட்டுவிட்டது என்பதுதான் அவளுக்குத் தெரிந்த கதை. அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். “என்னவாம் மீற்றிங்கில?”

“திரும்பவும் நான்தானாம் கோச்.”

“பின்ன, வேற ஆர் செய்வினம். இவனைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ? காலையெல்லோ குடுத்திட்டு இருக்கிறான்.”

யோகேஸ்வரன் வாய் திறப்பதற்கு முன்னே சுபாங்கன் சொல்லிவிட்டான். “நல்லா விளையாடினனாம், அம்மா. எல்லாரும் சொன்னவை.” சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்துப் பிடித்துத் தன் அறைப் பக்கம் நடந்தான். அவனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் இது சட்டென்று வந்தது, பலமுறை சொல்லிப் பார்த்ததுபோல.

நாகேஸ்வரியின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சியைக் கெடுக்காமல் சாப்பிட உட்காரலாம். ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

“இல்லை,” என்றார் யோகேஸ்வரன். “ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை.”

அறைக்கு முன்னால் சுபாங்கன் நின்றான். “அப்பா, வேண்டாம்,” என்றான், மெதுவாக.

“நீ இரு நாகேஸ்,” என்று அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அவள் இருக்கவில்லை. அவர் முகத்தையும் மகன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் நின்றுகொண்டே, அந்த நேரம் கோச் எங்கே நின்றவர் என்பதிலிருந்து தொடங்கினார்.