தாளோடா, தாள் இல்லாமலா

நாற்பத்தோராயிரத்து அறுநூற்றைம்பது. சுருட்டுக்கடையின் கதவுக்குப் பின்னால், கதவைச் சாத்தினால் மட்டும் தெரிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை அடிக்காமல் விட்டிருந்த ஒரு சதுரத்தில் பென்சிலால் அந்தத் தொகை எழுதியிருந்தது. எழுதியவர் பெயிண்டர். அவர் தொழிலில் அவருக்கு அப்படி ஒரு பழக்கம். கூலி முழுசாகக் கைக்கு வரும்வரை ஏதாவது ஒரு மூலையில் கையளவு சுவரை அடிக்காமல் விட்டுவைப்பார். அதில் கோபமும் கிடையாது, மிரட்டலும் கிடையாது. வேலை இன்னும் முடியவில்லை என்று சுவரே சொல்லிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். பணம் வந்ததும் ஒரு டப்பாவும் சின்ன பிரஷ்ஷுமாகப் போய் மூடிவிட்டு வருவார். எல்லாச் சதுரங்களும் சீக்கிரமே மூடிக்கொண்டன. இது ஒன்றுதான் இரண்டு வருஷமாகத் திறந்தே கிடந்தது.

கடைக்காரர் நாணயம் கெட்டவர் இல்லை. வியாபாரம்தான் படுத்துவிட்டது. தெருவில் பெயிண்டரைக் கண்டால் மற்றவர்களைப் போல எதிர்ப்பக்கம் ஒதுங்க மாட்டார். நேரே வந்து, "உன் சதுரத்தத் தினமும் பாத்துட்டுதான் இருக்கேன் பெயிண்டரே" என்பார். அதற்குமேல் கடுமையாகப் பேச எவனால் முடியும்? கடையைக் காலி செய்யும் நாள் நெருங்கியபோது அவரே கூப்பிட்டனுப்பினார். பின்னறை அலமாரிக்கு அடியிலிருந்து, தொட்டில் அளவுக்கு ஒரு தேவதாரு மரப்பெட்டியை மூச்சு வாங்க இழுத்து வைத்தார்.

"காசு இல்ல. இதுதான் இருக்கு. எடுத்துக்க."

மூடி திறந்தது. டர்பன்டைனில் ஊறி மரத்துப்போன மூக்கு பெயிண்டருடையது. அதையே அந்த வாசனை தட்டி எழுப்பியது. மேலே ஒரு தட்டு நிறையச் சுருட்டு. தட்டைத் தூக்கினால் கீழே அதேபோல இன்னொரு அடுக்கு. ஒவ்வொரு சுருட்டும் தனித்தனியாகக் கண்ணாடித் தாளில், செலோபேன் என்பார்களே அதில், சுற்றியிருந்தது. ஆனால் தாளில் கண்ணாடியின் தெளிவு இல்லை. பால் விடாத டீயின் நிறத்துக்குப் பழுத்துப்போயிருந்தது.

"எங்கப்பாவும் சித்தப்பாவும் கடைசியா சேர்ந்து வாங்குனது. தாளப் பிரிச்சு அடுக்கணும்னு அப்பா. பிரிக்கவே கூடாதுன்னு சித்தப்பா. அதுல ஆரம்பிச்சதுதான். அப்பா சாவுக்குக்கூடச் சித்தப்பா வரல. முடிவாகாததாலயே இருபது வருஷமா இதுல யாரும் கை வெக்கல."

"இப்ப நான் என்ன செய்யட்டும் முதலாளி? பிரிக்கவா, விடவா?"

"சுருட்டு காஞ்சுடாம இருக்க ஒரு சோப்பு டப்பாவுல ஸ்பாஞ்ச நனைச்சு உள்ள வை. வெயில் படாம பாத்துக்க. இந்த ரெண்டும் சொல்லுவேன். மத்தத என்கிட்ட கேக்காத. அந்தக் கேள்விக்கு எங்க வீட்டுல ஏற்கனவே ஒரு குடும்பம் போயிடுச்சு."

பெட்டியை வீட்டுக்கு ஏற்றிவந்தது பெயிண்டரின் மச்சான், மனைவியின் தம்பி, சரக்கு வண்டி ஓட்டுகிறவன். வழியெல்லாம் வண்டி சாலையில் ஓடவில்லை, காற்றில் ஓடியது. ஏனென்றால் பெயிண்டருக்கு அப்போது ஒரே ஒரு கனவுதான் இருந்தது, அது ஒரு கம்ப்ரஸர். வலது தோள் ரோலரைத் தலைக்கு மேலே தூக்க மறுத்து வருஷம் ஒன்றாகிறது. கூரை அடிக்கும் வேலை வந்தால் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அடிப்பார். பார்க்கிறவர்கள் அவர் எதையோ வேண்டிக்கொள்கிறார் என்று நினைப்பார்கள். காண்ட்ராக்டர் ஒருவர் தன் பழைய ஸ்பிரே மிஷினைக் கம்ப்ரஸரோடு நாற்பதாயிரத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். "உனக்காகக் கொஞ்ச நாள் வெச்சிருக்கேன், அப்புறம் கேக்குறவனுக்குக் குடுத்துருவேன்" என்றும் சொல்லியிருந்தார். மிஷின் வந்தால் தோள் தப்பும். வராவிட்டால் இந்தத் தொழில் இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கினாலே அதிகம்.

கூடத்தில் பெட்டியை இறக்கியதும் பெயிண்டர் ஒரு சுருட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவர் கண்ணுக்குச் சுருட்டு தெரியவில்லை, அழுக்குதான் தெரிந்தது. மஞ்சள் ஏறிப்போன எதைக் கண்டாலும் சுரண்டி எடுத்துவிட்டு அப்புறம்தான் அடுத்த பூச்சு வைக்க வேண்டும் என்று கை பழகியிருந்தது.

"இந்தக் கோலத்துல எவன் வாங்குவான்? பழைய சரக்குன்னு தூக்கிப் போட்டுருவான்."

"அதுவும் இல்லாம மூச்சு முட்டும் மாமா" என்றான் மச்சான். அவன் சுருட்டுப் பிடித்து யாரும் பார்த்ததில்லை, ஆனால் உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்தும் யாரும் பார்த்ததில்லை. "பிரிச்சு வெச்சா ஒன்னோட வாசன இன்னொன்னுல ஏறும். ஒரே வீட்டு ஆளுங்க மாதிரி ஆயிடும். விவரம் தெரிஞ்சவங்க எல்லாம் அப்படித்தான் செய்வாங்க."

இரண்டு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். என்ன வேகம்! கல்யாண வீட்டில் வெங்காயம் உரிப்பதுபோல உரித்துத் தள்ளினார்கள். தாளுக்குள்ளிருந்து வந்த ஒவ்வொரு சுருட்டும் எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோலப் பளபளத்தது. பெயிண்டர் ஒவ்வொன்றையும் தடவித் தடவித் தட்டில் வைத்தார். மேல்தட்டு முடிந்தது. தட்டைத் தூக்கிக் கீழ் அடுக்கில் கை வைக்கும் நேரத்தில்தான் மனைவி வேலை முடிந்து உள்ளே வந்தாள். பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவள் அவள். கோட்டைத் தேய்த்து, உறை மாட்டி, தொங்கவிட்டு, விருந்தாளியின் அறைவரைக்கும் சுருக்கம் விழாமல் அனுப்புவது அவள் வேலை.

"கைய எடுங்க ரெண்டு பேரும்!"

"அக்கா, இது என்னன்னு தெரியுமா?"

"எதுவா இருந்தா என்னடா? மேல ஒரு உறை இருந்தா அது எதுக்கோ இருக்குதுன்னு அர்த்தம். ஒன்னுல பூச்சி விழுந்தா? கை பட்டு இலை கிழிஞ்சா? சுரண்டுறதே இவரு பொழப்பு, கண்டதெல்லாம் சுவரு இவருக்கு. உனக்கு எங்கடா போச்சு புத்தி?"

"உனக்குக் கண்டதெல்லாம் கோட்டு" என்றார் பெயிண்டர்.

"ஆமா. என் கோட்டுல ஒன்னாவது கசங்கிப் போயிருக்கா?"

மேல்தட்டு தாள் இல்லாமலும் கீழ் அடுக்கு தாளோடும் பெட்டி மூடப்பட்டது. உரித்த தாள் ஒரு பை நிறைய இருந்தது. விடிந்ததும் குப்பைக்காரரோடு போனது. நனைத்த ஸ்பாஞ்சு சோப்பு டப்பாவில் உள்ளே போனது. அதை நனைக்கும் பொறுப்பைப் பெயிண்டர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

வாங்க ஆள்தான் வரவில்லை. மச்சான் தன் வண்டிக்கார நண்பர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தான். ஓசியில் ஒன்று கேட்டவர்கள் உண்டு, காசு கொடுத்து ஒன்று கேட்டவர்கள் உண்டு, பெட்டியோடு கேட்டவர்கள் யாருமில்லை. ஒன்றரை மாசம் ஓடிப்போனது. காண்ட்ராக்டர் போன் செய்து, சனிக்கிழமைக்கு மேல் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் பெயிண்டர் கூரை அடிக்கப் போன வீட்டில் மூன்று தடவை ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மனைவியிடமிருந்து போன் வந்தது. அவள் பேசவில்லை, கிட்டத்தட்டக் கூவினாள்.

"வீட்டக் கூட்டி வைங்க! நாற்காலி மேல இருக்குற துணியெல்லாம் எடுத்து உள்ள போடுங்க! எங்க ஹோட்டல் பார் மேனேஜரம்மா வராங்க, விருந்தாளிங்களுக்குச் சுருட்டு விக்கிறவங்க. அவங்க கோட்டுல பட்டன் வெக்கும்போது பேச்சுவாக்குல பெட்டியப் பத்திச் சொன்னேன். கோட்ட வாங்கி அப்படியே மாட்டிக்கிட்டு, கெளம்பு போலாம்னுட்டாங்க!"

பெயிண்டர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கையில் பெயிண்ட்டோடு, ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். மச்சான் எந்த ஊர்ச் சரக்கை எங்கே நிறுத்தினானோ, அவருக்கு முன்பே வந்து கூடத்தைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தான்.

மேனேஜரம்மா உயரமான மனுஷி. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. மூடியைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தார். அந்தம்மா மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார், விரலால் மெல்ல அழுத்தினார், காதோரம் உருட்டினார்.

"எத்தன வருஷம் ஆச்சு?"

"இருபது வருஷம்மா."

"எல்லாரும் அதான் சொல்றாங்க." சுருட்டைத் திரும்ப வைத்தார். "வாசன ரொம்ப நல்லா இருக்கு. பொய் சொல்லல. ஆனா வாசனைய வெச்சு நான் யார்கிட்டயும் வயசச் சொல்ல முடியாது. நேத்து செஞ்சதுன்னு ஒருத்தர் சொன்னா, இல்லன்னு எத வெச்சு காட்டுவேன்?"

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கம்ப்ரஸர் தெருமுனையைத் தாண்டிப் போவதைப் பெயிண்டர் கண்ணால் பார்த்தார். எல்லாம் தெரிந்த மச்சான் துடைப்பத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டான்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றாள் மனைவி. குனிந்து தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள்.

மேனேஜரம்மாவின் தோளிலிருந்து பை நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கக்கூட இல்லை. அந்தப் பெரிய மனுஷி, தேய்த்த கோட்டோடு, துடைத்த ஈரம் காயாத தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு சுருட்டை எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டினார். வெயில் தாளில் பட்டுத் தேன் நிறத்தில் அவர் முகத்தில் விழுந்தது.

"இந்தக் கலருக்கு ஒரு நாள்ல வர முடியாது, ஒரு வருஷத்துல வர முடியாது. இல எண்ணெ விட்டு விட்டுத் தாள்ல ஏறணும். இது மேல தேதி எழுதின மாதிரி." ஒன்றைப் பிரித்தார், முகர்ந்தார், சிரித்தார். பிறகு சடாரென்று நிமிர்ந்தார். "மேல இருந்ததுக்கும் இதே மாதிரி தாள் இருந்திருக்கணுமே. எங்க அது?"

மச்சான் கூரையைப் பார்த்தான். பெயிண்டரும் கூரையைப் பார்த்தார், தொழில்ரீதியாக ஏதோ குறை கண்டவர்போல.

"குப்பையில போட்டாங்க மேடம்" என்றாள் மனைவி. "ரெண்டு பேரும் சேர்ந்து."

மேனேஜரம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. "சரி, கீழ இருக்குறது மட்டும் போதும். நீங்களே ஒரு வெல சொல்லுங்க."

பெயிண்டர் வாயைத் திறந்தார். மனைவி கண் இமைக்காமல் சொன்னாள்: "நாப்பத்தோராயிரத்து அறுநூத்தம்பது."

"அதென்ன அறுநூத்தம்பது?"

"அது செவுத்துல எழுதியிருக்கு மேடம்."

கேட்டவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் பணம் ஒரு வார்த்தை பேரம் இல்லாமல் வந்துவிட்டது. கீழ் அடுக்கு முழுவதும் அவர் கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளில் ஏறி, அவர் காரில் ஏறி, தெரு திரும்பிய மறு நொடியே மச்சானுக்கு வாய் வந்துவிட்டது.

"அக்கா! கெடுத்தியே! ஒரு லட்சம் கேட்டிருந்தாலும் குடுத்திருக்கும் அந்தம்மா!"

"போடா. எனக்கு வர வேண்டியதத்தான் கேட்டேன். அடுத்த வீட்டுக் காசா கேட்டேன்?"

"அப்ப மேல்தட்டு இருக்குல்ல, அதையாவது நான்…"

"மாப்ள, அதத் தொடாத" என்றார் பெயிண்டர். மேனேஜரம்மா பிரித்துப் போட்ட ஒற்றைத் தாள் தரையில் கிடந்தது. குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பாக்கி தீந்துபோச்சு. நாளைக்கு மிஷின எடுத்துடலாம். மிச்சச் சுருட்டு முதலாளியோடது. வண்டிய எடு."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சமையலறைக்குள் போய், கதவிடுக்கிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் டப்பாவையும் சின்ன பிரஷ்ஷையும் எடுத்துவந்து அவர் கையில் திணித்தாள்.

சுருட்டுக்கடை அலமாரிகள் காலியாக நின்றன. கடைக்காரர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கடைசிச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பெயிண்டர் பெட்டியை இறக்கி, எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். மேனேஜரம்மா தரையில் உட்கார்ந்ததை நடித்தே காட்டினார்.

"தாள் இருந்ததாலதான் வித்துச்சா?"

"தாள் இருந்ததாலதான் முதலாளி."

"சித்தப்பா" என்று மட்டும் சொன்னார் கடைக்காரர். பெட்டியின் மூடியைத் தூக்கினார். தாள் இல்லாத சுருட்டுகள் ஒன்றரை மாசமாக ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, ஒரே மூச்சை விட்டுக்கொண்டு கிடந்த பெட்டி. வாசனை அந்தக் காலிக் கடையை ஒரே எட்டில் நிரப்பியது. கடைக்காரர் முகத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது கண் சிவந்திருந்தது, உதடு சிரித்துக்கொண்டிருந்தது.

"எங்கப்பா தாளப் பிரிச்சு அடுக்கி வெச்ச கைப்பெட்டி இப்படித்தான் மணக்கும். அப்படியே."

பெயிண்டர் கதவைச் சாத்தினார். டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷை நனைத்து, விளிம்பில் வழித்தார். முதல் இழுப்பில் பென்சில் எழுத்து நிழலாகத் தெரிந்தது. அடுத்த இழுப்பில் போய்விட்டது. கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு வருஷத்துப் புகையில் சுவர் முழுக்க மஞ்சள் படிந்திருந்தது. அதன் நடுவில் புதுச் சதுரம் மட்டும் தனியாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

"ஒட்டல போலிருக்கே, பெயிண்டரே."

"காஞ்சா அடங்கிடும்" என்றார் பெயிண்டர். அடங்காது என்று அவருக்குத் தெரியும். பழைய சுவரில் புதுப் பூச்சு எப்போதும் துருத்திக்கொண்டுதான் நிற்கும். கையைத் துடைக்கப் போனபோது சட்டைப்பையில் தாள் சரசரத்தது. எடுத்து நீவி, இருவர் கண்ணுக்கும் சுவருக்கும் நடுவில் தூக்கிப் பிடித்தார். தாளுக்குள் சுவர் தேன் நிறமாக நின்றது. சதுரமும் தேன் நிறமாக நின்றது. எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவர் கண்ணுக்கே பிடிபடவில்லை.

"எறக்கிடாத" என்றார் கடைக்காரர், தலையை இன்னும் கிட்டே கொண்டுவந்து. "கொஞ்ச நேரம் பாத்துக்குறேன்."

தூக்கியிருந்தது வலது கை. பெயிண்டர் இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார், தாள் அசையாமல்.