முகம் திருப்பிய குருவிகள்

எங்கள் பட்டறையில் மாமா பெட்டி செய்வார், அக்கா அதில் மரத்தால் படம் பதிப்பாள், நான் பாலிஷ் போடுவேன். அந்த வாரம் எனக்குக் கூடுதலாக ஒரு வேலையும் சேர்ந்தது. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே தூது.

எல்லாம் மாமாவின் வாயால் வந்த வினை. பல் டாக்டர் தன் மனைவிக்கு இரட்டைக் கதவு வைத்த ஓர் அலமாரி கேட்டு வந்தார். கதவுக்கு ஒரு குருவி, மூடினால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். "யார் செய்யறது?" என்று அவர் கேட்டதும் மாமா நெஞ்சை நிமிர்த்தி, "வேலையெல்லாம் நான்தான் சார். இவ சும்மா பொம்மை ஒட்டுவா" என்றார். டாக்டரின் வண்டி தெருமுனை திரும்பியதும் அக்கா கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இந்த அலமாரியோட சரி. அப்புறம் ரம்பத்தைத் தொட மாட்டேன்னு உன் மாமாகிட்ட சொல்லிடு" என்றாள். மாமா இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

அக்கா சொன்னால் செய்கிறவள். காகிதம் மாதிரி மெல்லிய மரத்தகடுகளை இறகு இறகாக அறுப்பாள். ஒவ்வொன்றின் ஓரத்தையும் சூடான மணலில் செருகி லேசாகக் கருக்குவாள், நிழல் விழுந்துவிடும். அவள் விட்டுவிட்டால் நான் வெறும் பெட்டிகளைத் தேய்த்தே கிழவனாக வேண்டியதுதான்.

துண்டுகளைச் சேர்த்ததும் கலையாமல் இருக்க முகப்பில் காகிதம் ஒட்டுவாள். மாமா கதவில் பசை தடவி, காகிதம் மேலே இருக்கும்படி படத்தை வைத்து அழுத்துவார். காய்ந்ததும் நான் காகிதத்தை நனைத்து உரிப்பேன். இந்தத் தடவை உரித்தேன், கை அப்படியே நின்றுவிட்டது. குருவிகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு, அச்சு அசலாக எங்கள் வீட்டுத் தம்பதி மாதிரியே இருந்தன. டாக்டர் மறுநாள் வருகிறார்.

"கோவத்துல காகிதத்தைப் பின்பக்கம் ஒட்டிட்டேன். அப்படியே கதவுல ஒட்டினா குருவி மூஞ்சி எதிர்ப்பக்கம் திரும்பிடுமேன்னு ரெண்டு படத்தையும் இடம் மாத்தி வெச்சேனே!" என்று அக்கா தலையில் கைவைத்தாள்.

"நானுந்தானே மாத்தி வெச்சேன்!" என்றார் மாமா.

"எப்போ?"

"நேத்து சாயங்காலம், நீ போனப்புறம் படத்தைத் திருப்பிப் பார்த்தப்போ."

"நான் இன்னிக்குக் காலையில, நீங்க வர்றதுக்கு முன்னாடி."

மாமா மாற்றியதை அக்கா மறுபடி மாற்றியிருக்கிறாள். மேலே காகிதம் மூடியிருந்ததால் எது எந்தக் குருவி என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"நான் தப்பா ஒட்டினது தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா குத்திக் காட்டறேன்னு நெனப்ப. ஏற்கனவே வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்" என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டே.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

"கதவையே இடம் மாத்துங்க" என்றாள்.

"கீலுக்குப் பள்ளம் வெட்டியாச்சு. சாவி ஓட்டையும் போட்டாச்சே! மாத்தினா ரெண்டும் தப்பான ஓரத்துக்குப் போயிடுமே!"

"பள்ளத்தை நீங்க துண்டு வெச்சு அடைங்க. ஓட்டையை நான் பாத்துக்கறேன்."

சாவி ஓட்டை இருந்த இடத்தில் கருங்காலியில் ஒரு சின்னப் பழமும் அதற்கு ஓர் இலையும் பதித்தாள். மாமா விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கை வலித்தாலும் நகரவில்லை.

மறுநாள் டாக்டர் குருவிகளை ஆசையாகத் தடவிப் பார்த்தார். அவர் விரல் பழத்தில் வந்து நின்றது. "இது நான் கேட்டதுல இல்லையே?"

மாமா ஒரு கணம் அக்காவைப் பார்த்தார்.

"அங்க ஒரு ஓட்டை இருந்துச்சு சார், இவதான் அடைச்சா. பெட்டி மட்டுந்தான் என்னுது. வேலையெல்லாம் இவளுது."

"குருவி வெறும் வயித்தோட இருக்க வேண்டாம்னு வெச்சதா நெனச்சேன்" என்று சிரித்துக்கொண்டே டாக்டர் அலமாரியை ஏற்றிக்கொண்டு போனார்.

அக்கா ரம்பத்தைக் கையில் எடுத்தாள். எங்கே கொண்டுபோய்ப் போடப் போகிறாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மழுங்கிய அலகைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினாள்.

"அடுத்த கதவுக்கு என்ன மரம்னு உன் மாமாகிட்ட..." என்று பழக்க தோஷத்தில் என்னிடம் ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தி அவர் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, அடுத்த கதவுக்கு என்ன மரம் வெச்சிருக்கீங்க?"