பழைய நாணயங்களைத் துலக்குவது பற்றி

1.

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. பழைய நாணயங்களைக் கெடுக்காமல் சுத்தம் செய்வது எப்படி என்று ஒரு பத்திரிகை கேட்டது. எனக்குத் தெரியாது. அருங்காட்சியகத்தில் அந்த வேலை பார்க்கும் பெண்ணிடம் போய் நின்றேன்.

"சுத்தம் பண்ணாதீங்கன்னு எழுதுங்க. கட்டுரை முடிஞ்சுது," என்றார். பிறகு, கையுறையைக் கழற்றிக்கொண்டே, தன் அக்கா வீட்டில் நடந்ததைச் சொன்னார். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது. கதைக்குள் அவர் வெறும் தங்கை. மரியாதை விகுதியையும் எடுத்துவிடுகிறேன்.

(நிலவைப் போல் ஒளிர்ந்த அந்த வெள்ளி நாணயம்... வேண்டாம். நாணயத்தை நிலவாக்கும் தெம்பு இன்று எனக்கில்லை.)

2.

அத்தானுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அன்று மாலை வீடு திரும்புகிறார். வேலை முடிந்து அலுத்துப்போய் வந்த தங்கையை அக்கா கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். சாப்பாட்டு மேசையில், ஒரு துண்டின் மேல், அத்தான் ஆயுசெல்லாம் சேர்த்த வெள்ளி நாணயங்கள்.

"எப்படி மின்னுது பாருடி! எல்லாம் கன்னங்கரேல்னு கிடந்துச்சு."

"எதால தேய்ச்சே?"

"எலுமிச்சம்பழம், சோடா உப்பு, பழைய டூத் பிரஷ். கை விட்டுப்போச்சு."

தங்கை ஒரு நாணயத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அந்தக் கருமை அழுக்கில்லை. காலம் போகப்போக வெள்ளி தன்மேல் தானே போர்த்திக்கொண்ட தோல். உரித்தால் பழையபடி வராது. ராஜாக்களின் முகமெல்லாம் பிரஷ் கீறல்.

இனி அக்காவைச் சொல்லி என்ன? காய்ச்சி வடித்த நீரை (பேட்டரிக்கு ஊற்றுவார்களே, அதுதான்) வாங்கி வந்து, தங்கை ஒவ்வொன்றாக முக்கி எடுத்தாள். தேய்க்காமல், மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றினாள்.

"நான்தான் கழுவிட்டேனே?"

"புளிப்பு மிச்சமிருந்தா அரிக்கும்க்கா."

"ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"வேலை அலுப்பு."

3.

முதல் பிரதியில் அக்காவை வெகுளியாக எழுதியிருந்தேன்: கணவனை மகிழ்விக்கப் போய்க் கெடுத்துவைத்தவள். வாசித்துக் காட்டியபோது, "எங்கக்கா வெகுளியெல்லாம் இல்லீங்க," என்ற தங்கை, அதுவரை விழுங்கி வைத்திருந்ததைச் சொன்னார்.

நாணயங்களை ஒற்றிக்கொண்டிருந்தபோது அக்கா பேச ஆரம்பித்தாளாம். "ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் என்ன கேட்டார் தெரியுமா? நாணயப் பெட்டியைப் பூட்டினியான்னு. அத்தனை நாளும் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே கிடந்தேன்டி. நீ தூங்கினியான்னு ஒரு வார்த்தை..."

அந்த வாக்கியத்தை அவளும் முடிக்கவில்லை, நானும் முடிக்கப்போவதில்லை.

பெட்டியில் ஒரு நாணயம் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"இதை ஏன் விட்டே?"

"அது கல்யாணமான புதுசுல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினது. அது கெட்டுடக் கூடாதுல்ல."

தங்கையின் கை நின்றது. தேய்த்தால் கெடும் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. தன் வாயிலிருந்து விழுந்ததை அக்காவும் கேட்டுவிட்டாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

4.

முடிவு. அத்தான் பெட்டியைத் திறக்கிறார், முகம் சிவக்கிறது, புதிதாகத் தைத்த நெஞ்சு... (ஆளைக் கொல்ல மனமில்லை.) இல்லாவிட்டால், பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, "நீ தூங்கினியா?" என்று மனைவியைக் கேட்கிறார். எழுதினேன். பாகாய் இனித்தது. கிழித்தேன்.

நடந்தது இது. அத்தான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை, பெட்டியைக் கேட்டார். திறந்து வெகுநேரம் பார்த்தார். சத்தம் போடவில்லை. தங்கையிடம் திரும்பினார்.

"நீ இந்த வேலை பாக்குறவ. தேய்க்கக் கூடாதுன்னு இவகிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். காதுல விழலையோ என்னவோ. நீ சொல்லும்மா. தெரியாமத்தான் செஞ்சாளா?"

தங்கை ஒரு பதில் சொன்னாள். அது என்னிடம் இருக்கிறது, எழுத மாட்டேன். ஒரு வீட்டை நிறுத்தும் பொய்யையோ, உடைக்கும் உண்மையையோ என் பேனாவே சொல்ல வேண்டும் என்று என்ன கட்டாயம்?

கேள்வி உங்களிடம்தான். அக்கா உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.